எழுமலைக்குக் கொண்டுபோன கடற்கரைப் பெண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், கொழும்பிலிருந்து விடுப்பில் வந்தேன். கூட வேலை பார்த்த முத்தையா, எழுமலையில் இருக்கும் தன் மனைவி பேச்சியிடம் சேர்க்கச் சொல்லி கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தான். நாங்கள் வேலை பார்த்த பங்களாவின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது அவனுக்குக் கொடுத்த படம். கடற்கரையில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண் நிற்கிறாள். கிட்டே பார்த்தால் வெறும் சாயத் தீற்றல். பத்தடி தள்ளி நின்றால் அலை, காற்று, அவள் முகம் எல்லாம் தெரியும். இப்படி வரைகிறவர்களுக்கு இம்ப்ரெஷனிஸ்ட் என்று பெயராம்.

மதுரையில் காலை ஏழு மணிக்கு ரயில். உசிலம்பட்டி இருபத்துமூன்று மைல், ஆறணா. படத்தை மடியில் வைத்திருந்ததில் கால் மரத்துப்போனது. அங்கிருந்து ஒன்பது மைல் மாட்டுவண்டி. "கண்ணாடியாண்ணே? அப்ப மெதுவாப் போறேன்" என்றார் வண்டிக்காரர். சொன்ன சொல் தவறாத மனிதர், மூன்றரை மணி நேரம் ஆக்கினார். வழியெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது.

பேச்சி வாசலுக்கே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "கொழும்புல இருந்து வாரேன். முத்தையா குடுத்தது" என்று படத்தை நீட்டிவிட்டு அண்ணாந்து குடித்தேன். அதற்குள் அவள் துணியை அவிழ்த்துவிட்டாள். வெள்ளை உடுப்பு. பொட்டு இல்லை, தாலி இல்லை. பின்னால் கடல். பேச்சியின் கை தன் தாலியைப் பற்றியது.

"என்னைக்குண்ணே?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் அப்படியே சரிந்து அழுதபோதுதான் உறைத்தது. புருஷன் செத்த சேதியை வாயால் சொல்லக் கூசி, படமாகக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"ஐயோ தங்கச்சி, மாப்ள நல்லாருக்காரு! இவ சீமைக்காரி. அந்த ஊர்ப் பொம்பளைக கல்யாணத்துக்கே வெள்ளைதான் உடுத்துவாக. என் புள்ள மேல சத்தியம்!" என்று கத்தினேன்.

நெடுநேரம் கழித்தே நம்பினாள். படத்தைச் சுவரில் சாய்த்து, அவளைத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன்.

"இத எதுக்குண்ணே குடுத்துவிட்டாரு?"

"யாரையோ எதிர்பாத்து நிக்கிறாள்ல, அதான் ஒன் நெனப்பு வந்துச்சாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவளுக்கு நிக்க நேரமிருக்கு. நான் அம்புட்டுப் பருத்தியும் எடுக்கணும். வெரசா வரச் சொல்லுங்கண்ணே."

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை ரயிலைப் பிடியுங்கள். கண்ணாடிச் சட்டம் என்றால் வைக்கோலில் சுற்றுங்கள். கடல் கடந்தவன் கொடுத்ததைக் கொண்டுபோகிறீர்களா? வாசலில் கால் வைக்கும் முன்பே, "நல்லா இருக்காரு" என்று சொல்லிவிடுங்கள். நான் முதலில் தண்ணீர் குடித்தேன். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.