'அம்மா முடி தா!'

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்காகச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரம் முழுவதும் விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சமயம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த சின்ன அழகு நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் தெரிந்த என்னை எனக்கே பிடிக்கவில்லை. மகள் பிறந்த பிறகு தொடங்கிய முடி உதிர்வு நின்றபாடில்லை. பள்ளியில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர்களைவிட 'சடை' என்று அழைத்தவர்கள்தான் அதிகம். அந்தச் சடை எலிவாலாகியிருந்தது. கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிகிறாள் என்பார்கள். எனக்கு அள்ளுவதற்கே ஒன்றும் இல்லை.

தங்கையின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சவுரி வைத்தால் கழன்று விழுந்துவிடுமோ என்று பயம். அதனால்தான் இந்த ஏற்பாடு. நம் சொந்த முடியை வரப்பு வரப்பாக மண்டையோடு ஒட்டிப் பின்னி, அதன்மேல் நீள முடியை ஊசி நூலால் தைத்துவிடுவார்கள். கடையை நடத்தும் அக்கா ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஆறு வாரம்தான்மா. அதுக்கு மேல வச்சிக்காதீங்க. வலிச்சா உடனே வந்துடுங்க, தாங்கிக்கிட்டு இருக்காதீங்க."

தலையை ஆட்டினேன். காது அவரிடம் இருந்ததே தவிர, கண் முழுக்கக் கண்ணாடியில்தான் இருந்தது. இடுப்பு வரை தொங்கும் முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு ஸ்டேஷன் கழித்து இறங்கியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அன்று இரவே சோதனை ஆரம்பித்தது. என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. தாய்ப்பால் மறந்த பிறகு அவளே கண்டுபிடித்துக்கொண்ட ஒரு பழக்கம் உண்டு. என் காதுக்குப் பின்னால் விரல்களை நுழைத்து, முடியின் அடியைச் சுருட்டிச் சுருட்டியே தூங்கிப்போவாள். படுத்ததும் "முடி தா" என்பாள், பால் கேட்பதுபோல. அன்றைக்கும் கேட்டாள், நானும் சாய்ந்து கொடுத்தேன். விரல்கள் உள்ளே போய்த் தையலில் முட்டி நின்றன. கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"இது வேணாம். அம்மா முடி தா."

"இதான்டா அம்மா முடி."

"இல்ல லா!"

நீளமான நுனியைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். தூக்கி எறிந்துவிட்டு அழுதே தூங்கினாள். ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் உருண்டு, அவள் அப்பாவின் கையில் இருந்த ரோமத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். "பாத்தியா, என் கைக்கும் ஒரு மரியாதை வந்துடுச்சு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சக்களத்திமேல் வருகிற பொறாமை அவர் கைமேல் வந்தது.

கல்யாணம் முடிந்ததும் கழற்றியிருக்கலாம். ஆனால் ஆசை யாரை விட்டது? ஆபீஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவ்வளவு பாரத்தையும் உச்சியில் இறுக்கிக் கொண்டை போட்டேன். நெற்றிப் பொட்டில் விண்ணென்று வலிக்கும். மாத்திரை போட்டுக்கொண்டேன். கெடு தாண்டிவிட்டது.

அதற்குமேல் நான் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தலை பிசுபிசுக்கிறதே என்று ஒரு வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து, தேக்காவில் வாங்கிய சீயக்காய்த்தூளைக் கரைத்துத் தேய்த்துக் குளித்தேன். தையலுக்கு அடியில் போன தூள் போனதுதான். எத்தனை வாளி ஊற்றியும் வெளியே வரவில்லை. அடியில் ஈரமும் காயவில்லை. முதலில் அரிப்பு வந்தது, பிறகு காயாத துணியின் வாடை. ஆபீஸ் கழிவறையில் நின்று பேனா முனையால் தலையைச் சொறிந்திருக்கிறேன். காதோரம் புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் அந்த மாடிப்படியில் மறுபடி ஏறினேன்.

முதல் தையலைப் பிரித்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னம்மா இது, சீயக்காயா? தலைக்குள்ள தோட்டமே போட்டு வச்சிருக்கீங்களே!"

சிரித்தார். அடுத்த பின்னலைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது. என் நாற்காலியைக் கண்ணாடியிலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார். கீழே பூக்கடையில் ஒரு பெண் மல்லிகைச் சரத்தைத் தன் பின்னலில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாம் போயிடுச்சாக்கா?"

"எல்லாம் போகல. நெத்தி ஓரத்துலதான் அதிகம். இப்பப் பாக்க வேணாம், நான் சொல்றப்பப் பாருங்க."

எண்ணெய் தொட்டுத் தொட்டு, சிக்கை ஒவ்வொன்றாக விரலாலேயே பிரித்தார். அதற்கே பாதி நாள் ஆனது. உதிர்ந்ததை என் கண்ணில் படாமல் ஒரு பையில் கட்டினார். மிச்சத்தைக் கழுத்தளவு வெட்டிய பிறகுதான் நாற்காலியைத் திருப்பினார். மறக்காமல் தோல் மருத்துவரிடமும் போகச் சொன்னார். மருத்துவர் பார்த்துவிட்டு, வேர் இன்னும் சாகவில்லை, இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருந்தால் அந்த இடத்தில் முளைத்திருக்காது என்றார். புண்ணுக்கு மருந்தும் கொடுத்தார்.

முடி வெட்டிய அன்று இரவு சீக்கிரமே படுத்து மகளுக்காகக் காத்திருந்தேன். வந்தவள் என்னைப் பார்த்து, "அம்மா மொட்டை!" என்று கைதட்டினாள்.

"அம்மா முடி வந்துடுச்சு பாப்பா. இந்தா."

விரலை நுழைத்தாள். இரண்டு சுருட்டு சுருட்டினாள். நான் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பதுபோல, கையை எடுத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள்.

பிறகு மாதக்கணக்கில் முடியை இறுக்கிக் கட்டவே இல்லை. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்தேன், வேர்வரை காயவிட்டேன். நெற்றி ஓரத்தில் முதலில் புல் மாதிரிதான் முளைத்தது. கழுத்தளவு வெட்டிய முடி இன்று நடு முதுகைத் தொடுகிறது. முடி தைத்துக்கொள்ளப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பதில்லை. பின்னும்போதே வலித்தால் எழுந்து வந்துவிடு, சொன்ன நாளில் கழற்று, நடுவில் தலைக்கு ஓய்வு கொடு, சீயக்காய்த்தூள் பக்கம் போகவே போகாதே என்பேன்.

மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். தனி அறையில், யார் துணையும் இல்லாமல் தூங்குகிறாள். அவளுக்குப் போர்த்திவிடப் போகும்போதெல்லாம் பின்னலை அவிழ்த்துவிட்டுத்தான் போகிறேன், காதோரம் அவள் பக்கம் இருக்கும்படி கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்கிறேன். அள்ளி முடிய இப்போது என்னிடம் முடி இருக்கிறது. "முடி தா" என்று கேட்கத்தான் ஆளில்லை.