பூசையில் வைத்த காற்றுப்பை

சரஸ்வதி பூசைக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது மருமகள் பரணிலிருந்த என் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டாள். ஆள் நீளத் துணிக்குழாய் ஒன்றை உதறிப் பிடித்துக்கொண்டு, "மாமா, இது என்னது? யானைக்குத் தச்ச கால்சட்டையா?" என்று சிரித்தாள். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணி அது. ஒரு வாய் அகலம், மறுவாய் குறுகல். நிறமெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. அகன்ற வாயோரத்தில் மூன்று விரல் சந்தனத் தீற்றலும் நடுவே ஒரு குங்குமப் பொட்டும் மட்டும் கறையாக நின்றுவிட்டன. "பழைய ஆபீஸ் சாமான். இருந்த இடத்துலயே வையிம்மா" என்றேன். இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவரும் பதில் அதுதான். என் மனைவிக்கும் அதைத்தான் சொன்னேன்.

எழுபதுகளில் முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கும் உடைமுள் மரங்கள் மண்டிய உடங்காட்டுக்கும் நடுவில், ஒரு செம்மண் ஓடுதளம் இருந்தது. விமான நிலையம் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஸ்டோர், ஒரு கம்பம், அவ்வளவுதான். நெல்லுக்கும் பருத்திக்கும் மேலிருந்து பூச்சிமருந்து தெளிக்கிற ஒற்றை ஆள் விமானம் ஒன்று பருவத்துக்குப் பருவம் வந்து அங்கே தங்கும். நான் ஸ்டோர் கிளார்க். தளத்தில் ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு வாட்ச்மேன் அண்ணாச்சி. விமானத்தை ஓட்டியவரை நாங்கள் கேப்டன் என்றே கூப்பிட்டோம். மெட்ராஸ்காரர், நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி முதலில் அண்ணாச்சிக்கு நீட்டிவிட்டுத்தான் தான் குடிப்பார். பெரிய வேலையில் இருப்பவர்கள் அப்படிச் செய்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எங்கள் கடற்கரைக் காற்றை நம்ப முடியாது. காலையில் மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று கிளம்பி அப்படியே திசை மாறிவிடும். விமானம் காற்றை எதிர்த்து இறங்கினால்தான் சட்டென்று நிற்கும். காற்று முதுகில் அடித்தால் தள்ளிக்கொண்டே போகும், எங்கள் குட்டைத் தளம் அதற்குக் காணாது. தகவல் சொல்ல வயர்லெஸ் கிடையாது. அதற்குத்தான் கம்பத்தில் அந்தத் துணிக்குழாய். காற்றுப்பை என்போம். கேப்டன் எப்போது வந்தாலும் கம்பத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, பை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

ஒரு வருஷம் ஆயுத பூசைக்கு ஸ்பேனர், தராசு, மருந்து பம்பு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்திருந்தோம். பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே கேப்டன் கேலி பண்ணினார். "இவ்வளவு சாமானுக்கும் பொட்டு வெச்சீங்க, என் கண்ண விட்டுட்டீங்களே அண்ணாச்சி! அந்தப் பைதான் எனக்குக் கண்ணு." அண்ணாச்சிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. எனக்கும்தான்.

அதனால் அடுத்த வருஷம் அந்தக் குறையை வைக்கக் கூடாது என்று இருந்தோம். கேப்டன் விமானத்தைப் பரிசோதனைக்காக மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார். பூசைக்கு மறுநாள் விஜயதசமியன்றுதான் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். மெக்கானிக்குகள் லீவில் ஊருக்குப் போய்விட்டார்கள். நான்தான் பையை இறக்கினேன். உப்பும் புழுதியும் போகச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, எல்லாச் சாமானுக்கும் முன்னால் மனைப்பலகையில் மடித்து வைத்தேன். சந்தனம் பூசியதும் நான்தான். கம்பத்தை மொட்டையாக விட்டிருக்கிறோம் என்று இருவருக்கும் உறைக்கவே இல்லை. பூசை முடிந்து சுண்டலைத் தின்றுகொண்டிருந்தோம்.

மூன்று மணி இருக்கும், விமானச் சத்தம் கேட்டது. கேப்டன் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். கம்பத்துக்கு மேலே ஒரு சுற்று வந்தார். கம்பம் மொட்டையாக நிற்பது அப்போதுதான் உறைத்தது. பையை எடுக்க ஸ்டோருக்கு ஓடினேன். அண்ணாச்சி வாசலை மறித்து நின்றார். "ஏலே, பூசையில வச்சத நாளைக்கு மறுபூசை ஆகாமத் தொடப்படாதுலே. தெய்வக் குத்தமாயிரும். அவருக்குத் தெரியாத காத்தா?"

அண்ணாச்சியைக் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பூசைக்கு வைத்த பேனாவைக்கூட மறுநாள்வரை தொடாத வீட்டில் வளர்ந்தவன் நான். இரண்டாவது சுற்று வந்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மூன்றாவது சுற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாழப் பறந்து, கம்பத்தையே பார்த்துப் போனார். அதற்கு மேல் தாங்காமல் அண்ணாச்சியைத் தள்ளிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்கு ஓடினேன். கயிற்றைத் தேடி எடுப்பதற்குள் அவர் இறங்கத் தொடங்கிவிட்டார்.

மேற்கே தூரத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாய் புகைந்துகொண்டிருந்தது. கடல்காற்று அதுவரைக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, அங்கே புகை இன்னும் மேற்குக் காற்றில் கிழக்கே சாய்ந்துதான் போனது. அதைப் பார்த்து அவர் மேற்கு நோக்கி இறங்கியிருக்க வேண்டும். இங்கே என் கையிலிருந்த பையை, அவர் முதுகில் அடித்த கடல்காற்று மேற்கே இழுத்தது. விமானம் பாதித் தளம் தாண்டித்தான் தரையைத் தொட்டது. நிற்கவில்லை. தளம் முடிந்ததும் ஓடைக்குள் தலைகுப்புற விழுந்தது. ஒரு சத்தம்தான், அப்புறம் புழுதி.

அண்ணாச்சியும், உடங்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்திலேயே அண்ணாச்சி திரும்பிக் கத்தினார். "ஏலே, மொதல்ல அதக் கெட்டி ஏத்துலே!" நானும் ஏற்றினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அதை நான் கையால் செய்தவன். அண்ணாச்சியின் நார்க்கட்டிலில் கேப்டனைத் தூக்கிக்கொண்டு வரும்போது நான் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மேலே பையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

நொறுங்கிய விமானத்தில் அவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு செவ்வந்தி மாலையும் பொரிகடலைப் பொட்டலமும் கிடந்தன. எங்களோடு பூசை கும்பிடத்தான் முன்னதாக வந்திருக்கிறார்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் விசாரணைக்கு வந்த அதிகாரி கட்டிலருகே நின்று கேட்டார். "காற்றுப்பை ஏத்தியிருந்ததா?" இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்த கேப்டன், "இருந்தது சார். நான்தான் சரியாப் பாக்கல" என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க அங்கதானே இருந்தீங்க? பை இருந்துச்சா?" ஒரே ஒரு வார்த்தையில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். கல்யாணம் ஆகி ஆறு மாசம். "இருந்துச்சு சார்" என்றேன்.

விமானியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அதன்பிறகு யாரும் அவரிடம் விமானம் கொடுக்கவில்லை. ஆறு மாசம் கழித்துக் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார், பிளாஸ்க்கையும் துணிமணியையும் எடுத்துப்போக. அண்ணாச்சி கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். கேப்டன் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றார். நான் காலில் விழுந்திருக்க வேண்டும். பிளாஸ்க்கை எடுத்து நீட்டினேன். "அடுத்த வருஷமும் பொட்டு வைங்க. ஆனா கம்பத்துலயே விட்டு வைங்க" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் இவ்வளவு காலம் இப்படிப் புழுங்கியிருக்க மாட்டேன்.

மெட்ராஸில் ஏதோ மருந்துக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்ததாகவும், அங்கேயே இறந்துபோனதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். நான் பார்த்த அதே வேலையை அவர் பார்த்திருக்கிறார். பருவம் முடிந்து தளத்தை மூடியபோது பையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நடந்ததைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் மருமகள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பையை அழகாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். "ஆபீஸ் சாமான்னு சொன்னீயள்லா மாமா, இதையும் பூசையில வைக்கட்டா?"

கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். "உக்காரும்மா" என்றேன். என் குரலைக் கேட்டுப் பயந்துபோய் உட்கார்ந்தாள். அந்த அதிகாரிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவளிடம் சொன்னேன்.

"இல்லம்மா. அன்னைக்குக் கம்பத்துல பை இல்ல."