கொன்ஸ்ரன்ரைனின் உயரம்

கொழும்புக் கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ரைன் ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவருக்குக் காற்சட்டை தைப்பவரும் மனைவி மெற்றில்டாவும். தமிழரைத் தேடித்தேடி அடித்த எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், தலை தனியாகத் தெரிந்ததால் பஸ்ஸிலிருந்து அவரை இழுத்து இறக்கினார்கள். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். அன்று குனிந்தவர் பிறகு நிமிரவேயில்லை. அவருடைய வாடகை வீட்டு வாசல்நிலை உயரம் குறைந்தது. வருகிற நெட்டையர் எல்லாரும் அதில் தலையை இடித்துக்கொள்வார்கள். கொன்ஸ்ரன்ரைன் மட்டும் ஒருநாளும் இடித்ததில்லை.

துறைமுகத்துக் கந்தோருக்கு வேலைக்குப் போகும் வழியில், சந்தியில் ஆமிச் சென்றி, ஆட்களை மறித்துச் சோதிக்கும் காவலரண். தினமும் பேர் கேட்பார்கள். இவர் வாய்க்குள் முணுமுணுப்பார். மறுபடி அதட்டினால் இன்னும் குறுகுவார். ஒளிக்க ஒன்றுமில்லாத மனிதர் கள்ளனைப்போல முழித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பையைத் தலைகீழாகக் கொட்டுவார்கள். மத்தியானச் சோற்றுப் பார்சல் றோட்டில் கிடக்கும்.

"குனியக் குனியக் குட்டத்தான் செய்வாங்கள். பேரைத்தானே கேக்கிறான், நிமிந்து சொன்னா என்னப்பா?" என்பாள் மெற்றில்டா.

"உமக்கென்ன தெரியும்," என்பார்.

தொண்ணூற்றாறில் மாதா திருநாள் வந்தது. பவனியில் மாதாவின் சுரூபக் கூட்டை முன்னால் தோளில் தூக்கும் இரண்டு நெட்டையரில் ஒருவர் கனடா போய்விட்டார். மிஞ்சியவன் கிளெமென்ற். அவனுக்குச் சோடி தேடிப் பாதர் களைத்துப்போனார். "என்ர மனுசன் இருக்கிறார், பாதர்," என்று மெற்றில்டா மாட்டிவிட்டாள்.

தூக்கியதுதான் தாமதம், கூடு கொன்ஸ்ரன்ரைன் பக்கம் சரிந்தது. மாதாவின் முடி ஆடியது. சனம் அலறியது.

"அண்ணை, நிமிருங்கோ! மாதா விழப்போறா!" என்று கத்தினான் கிளெமென்ற்.

அவருக்கு ஆமியென்றால் பயம்தான். மாதாவை விழுத்திய பழிக்கு அதைவிடப் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கூடு மட்டமாயிற்று.

பவனி சென்றியடிக்கு வந்தது. வழக்கமாக அவர் குறுகும் இடம், ஆனால் இன்று குனிய வழியில்லை. தினமும் பையைக் கொட்டுகிற அதே ஆமிக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றான். அவனுடைய உச்சந்தலையைக் கொன்ஸ்ரன்ரைன் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். இவன் இவ்வளவு கட்டையனா!

மறுநாள் தோள் கன்றிப்போயிருந்தது. குனிந்தால் உயிர் போனது. நேராகவே நடந்து சென்றிக்குப் போனார்.

"நம மொகத?" என்று பேர் கேட்டான் ஆமிக்காரன்.

"கொன்ஸ்ரன்ரைன்."

அந்தக் குரல் அவருக்கே புதிதாயிருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். அடையாள அட்டையையும் பார்த்தான், பையையும் திறந்து பார்த்தான். ஆனால் கொட்டவில்லை. "ஹரி, யன்ன," என்று போகச் சொன்னான்.

அன்று கந்தோரில் சோறு சோறாகவே இருந்தது.

பின்னேரம் வீட்டுக்குள் நுழைந்தவர், வாசல்நிலையில் 'ணங்' என்று தலையை இடித்துக்கொண்டார். மெற்றில்டா குசினியிலிருந்து ஓடிவந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு, நெற்றியைத் தடவியபடி நிமிர்ந்தே நிற்கிற மனிதரைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டாள்.

"நோகுதோ, அப்பா?"

"ஓம், நல்லா நோகுது," என்று கொன்ஸ்ரன்ரைன் சிரித்தார்.