முதலாளியின் கல்யாணக் கோட்

அந்தக் கோட்டின் வாசம் இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. பவுடர், தேங்காய் எண்ணெய், யார் யாருடையதோ வியர்வை... எல்லாம் கலந்த ஒரு வாசம்.

படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மட்டக்களப்பு டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில். பெரிய வேலை ஒன்றுமில்லை. ரசீது எழுத வேண்டும், சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுக்க வேண்டும். படம் எடுக்க வருகிற பொடியன்களுக்குக் கோட் போட்டுவிட வேண்டும்.

ஸ்டூடியோவில் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கோட். அது முதலாளியின் கல்யாணக் கோட். முதலாளி நல்ல பருத்த ஆள். வருகிற பொடியன்களோ வெயிலில் சைக்கிள் மிதித்துக் காய்ந்துபோனவர்கள். கோட்டைப் போட்டால் உள்ளே இன்னொருவர் நுழையலாம்! அதனால் பின்பக்கம் துணியை இழுத்துப் பிடித்து, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பை மேலிருந்து கீழே வரிசையாகக் குத்திவிடுவேன்.

முன்னால் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை. பின்னால் பார்த்தால் கொடியில் காய்கிற உடுப்பு. இடுப்புக்குக் கீழே கட்டியிருப்பது வெறும் சாரம்... அது படத்தில் வராது.

"மூச்ச இழுத்து விட்டுராதடா, கிளிப்பு தெறிச்சிரும்!" என்று கமராவுக்குப் பின்னால் நின்று முதலாளி கத்துவார்.

வெளிநாடு போக, கல்யாணம் பேச, வேலைக்கு மனுப் போட... எல்லாருக்கும் அதே கோட்தான்.

கிளிப் போடும்போது எல்லாருக்கும் கூச்சம். நெளிவார்கள், சிரிப்பார்கள். என்னைப்போல ஒரு பெட்டைப்பிள்ளை முதுகில் கை வைத்தால் வேறென்ன செய்வார்கள், பாவங்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் வெட்கத்தில் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அதனால் ஒரு முகமும் என் மனதில் பதியவில்லை. முதுகுகளைத்தான் தெரியும்.

போன மாதம் வாவிக்கரை மண்டபத்தில் பழைய உடுப்புக் கண்காட்சி வைத்தார்கள். 'வின்டேஜ்' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெல்பொட்டம், பஃப் கைச் சட்டை, பறங்கியர் வீட்டுக் கல்யாண கவுன்... அம்மாமாரின் நைலக்ஸ் சாரியைக் கட்டிக்கொண்டு பெண்பிள்ளைகள் மேடையில் நடந்தார்கள். என்ன வடிவு! நானும் கைதட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பினால் மூலையில் அந்தக் கோட்.

ஒரு பொம்மைக்குப் போட்டு, சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தார்கள். முதலாளி இப்போது இல்லை. அவருடைய பேத்திதான் கொண்டுவந்து வைத்திருந்தாள். முதலாளிக்குப் பிறகு அந்தக் கோட்டுக்கு அளவான ஆளாக நான் கண்டது அந்தப் பொம்மையைத்தான்.

கயிற்றைப் பிடித்தபடி ஒரு வயதான அம்மா நின்றார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு படம்.

"மகள், இந்தக் கோட்ட ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமா?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"ஐயோ, துணி உக்கிப் போச்சு அம்மா. தொட்டாலே உதிருது. குறை நினைக்காதீங்க."

அந்த அம்மா கோபப்படவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் படத்தைக் காட்டினார். ஒல்லியான ஒரு பொடியன். அதே கோட்.

"என்ட மகன், சீலன். நாங்க பனிச்சங்கேணி. கட்டாருக்குப் போக எடுத்த படம் இது. பாஸ்போட் வர முந்தி, வாழைச்சேனைக்குப் போயிட்டு வாறன் எண்டு போனவன்..."

அது சண்டை நடந்த காலம். எங்கள் பக்கத்தில் இப்படித் தொடங்குகிற கதை எப்படி முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"வீடும் போச்சு, அவன்ட சாமான் ஒண்டுமில்ல. இந்தக் கோட்ட வெச்சிருக்காங்களாம் எண்டு கேள்விப்பட்டுத்தான் பஸ்ஸேறி வந்தன். அவன் போட்ட உடுப்புல மிச்சமிரிக்கிறது இது ஒண்டுதான் மனே." பெண்பிள்ளையையும் இங்கே 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

போட்டிருந்தால் ஐந்து நிமிடம் போட்டிருப்பான். அதுவும் இரவல் கோட்.

என்னால் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அம்மா, அந்த ஸ்டூடியோவில நான்தான் வேல செஞ்சன். எல்லாருக்கும் இதப் போட்டு விடுறதும் நான்தான்," என்றேன்.

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். "அப்ப அவனுக்கும் நீதான் போட்டு விட்டிருப்பாய். அவன ஞாபகம் இரிக்கா மனே?"

படத்தை வாங்கிப் பார்த்தேன். உற்று உற்றுப் பார்த்தேன்... சத்தியமாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்!

"ஓம் அம்மா," என்றேன். "கிளிப் போடக்குள்ள கூச்சத்துல நெளிஞ்சு நெளிஞ்சு சிரிச்சவர்."

"ஓம் மனே! அவன்தான்!" மண்டபத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். "சின்னனிலயே அவனுக்குச் சரியான கூச்சம். முதுகு தேச்சுக் குளிப்பாட்ட விடமாட்டான், ஓடிருவான்!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கோட்டத்தானே தொடக்கூடா... உன்ட கையத் தொடலாம்தானே?"

என் கைகளைத் தன் கன்னத்தில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். நானும் அழுதேன். கையை மட்டும் இழுக்கவில்லை.

இப்போது என் ஃபோனில் என் மகனின் படங்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. சாப்பிட்டது, தூங்கியது, பூனையோடு விளையாடியது... படத்துக்குக் கோட் வேண்டுமென்றால் ஃபோனே போட்டுவிடுகிறது, கிளிப்பும் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. அந்த அம்மாவிடம் இருப்பது ஒரே ஒரு படம்.

நான் சொன்னது பொய்தான். ஏசுகிறவர்கள் ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் கூசாத முதுகு ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை... அவனும் சிரித்துத்தான் இருப்பான்.