கப்பல்காரனுக்குப் பன்னிரண்டு ரூபாய்

1958-ஆம் வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதம். புதுச்சேரியில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில் இருந்த பிராந்திக் கடையில் எனக்கு வேலை. வயசு இருபத்திரண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால், கப்பல்காரர்களிடம் முசியே, முசியே என்று பேசிச் சரக்கை விற்பது என் பொறுப்பு. அதில் நான் கெட்டிக்காரன். சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் கடையில் விலைப் பலகை கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் விலை. ஒரே ரம் பாட்டில் உள்ளூர்க்காரருக்கு ஐந்து ரூபாய். மதுவிலக்கு இருந்த பக்கத்து மாகாணத்திலிருந்து, விழுப்புரம் பஸ்ஸில் நாக்கு வறண்டு வந்து இறங்குகிறவருக்கு ஏழு. கப்பல்காரனுக்குப் பன்னிரண்டு. அக்கம்பக்கத்துக் கடைகளிலும் இதேதான். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை.

நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். வருகிற கப்பல்காரரிடமெல்லாம் "உங்க ஊரில் பாட்டில் என்ன விலை?" என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பிரான்ஸில் மார்செய் துறைமுகத்தில் ஒயின் தண்ணீர் பட்ட பாடாம். குளிர் தேசத்துக்காரர் ஒருவர், ஒரு பாட்டில் வாங்க ஒரு நாள் கூலி போய்விடும் என்று தலையில் கை வைத்தார். அவருக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றதும் என்னைக் கட்டிப் பிடிக்காத குறை! அவரவர் ஊர் விலையைச் சொல்லி, அதைவிட இது மலிவு என்று மடக்குவதுதான் என் வித்தை.

அன்று மதியம் கடை சாத்துகிற நேரத்துக்கு ஒருவர் வந்தார். தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பலில் கரி தள்ளுகிறவர். ஆள் பார்க்க நம்மூர்க்காரர் மாதிரியே இருந்தார், ஆனால் தமிழில் ஒரு வார்த்தை தெரியவில்லை. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ரெயூனியன் தீவாம். அவர் பேசிய பிரெஞ்சும் ஒரு தினுசாக இருந்தது. வழக்கம்போல் அவர் ஊர் விலையைக் கேட்டேன்.

"எங்க தீவுல கரும்புதான். ரம் சல்லிசு. அரிசிதான் கப்பல்ல வரணும், சம்பளமெல்லாம் அரிசிக்கே சரியாப்போவுது" என்றார்.

என் நோட்டில் அரிசிக்கு இடமில்லை. பன்னிரண்டு ரூபாய் என்றேன். மனிதர் கொஞ்சம் தயங்கினார். பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு சுருட்டும் வாங்கிக்கொண்டு, இங்கே வீரன் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்குப் போகிற வழியில்தான் ஒரு வீரன் கோயில். சாப்பிடப் போகும்போது கூட்டிக்கொண்டு போனேன்.

நம்மூரில் சாமிக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்வோம். அவர் பாட்டில் முழுவதையும் வீரன் காலடியில் ஊற்றினார். சுருட்டைப் பற்றவைத்து வைத்தார். அப்புறம் குப்புற விழுந்து கும்பிட்டவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. கரும்பு வெட்ட இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர் அவருடைய தாத்தாவின் அப்பாவாம். தீவில் இன்னும் வீரனுக்கு ரம்மும் சுருட்டும்தான் படையலாம். பூர்வீக மண்ணின் சரக்கை வாங்கி அந்த மண்ணின் வீரனுக்கே ஊற்றிவிட்டு வா, வரும்போது நம்ம ஊர் விளக்கு ஒன்று வாங்கி வா என்று அவர் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாராம்.

திரும்பும்போது, மதியத்துக்குச் சாத்தப் போன ஒரு பாத்திரக் கடையில் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைக் கையில் எடுத்தார். கடைக்காரர் ஏழு ரூபாய் என்றார். இவர் பணப்பையைத் திறந்து பார்த்தார். விளக்கை எடுத்த இடத்திலேயே வைத்தார். "அடுத்த தடவை வாங்கிக்கலாம்" என்று என்னிடம் சொல்லி, கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார்.

பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். சோற்றை அப்படியே தள்ளிவைத்தேன். அட பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டு, முதலாளி வீட்டுக்கு ஓடி, மதியத் தூக்கத்தில் இருந்தவரை எழுப்பினேன்.

"பைத்தியமாடா உனக்கு? சொன்ன வெலைக்கு வாங்கிட்டுப் போனான், அவ்ளோதான்!"

"நான் சொன்ன வெலதான் தப்பு மொதலாளி. ஏழு ரூபா குடுங்க."

"உன் சம்பளத்துல புடிச்சிக்கிறேன், எடுத்துட்டுப் போ. நாலு மணிக்குக் கடை தொறக்கறப்ப நீ இல்லன்னா அப்படியே வூட்டுக்குப் போயிடு."

பாத்திரக் கடைக் கதவைத் தட்டி விளக்கை வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தால், அவரை ஏற்றிய படகு போய்விட்டிருந்தது. கப்பல் சரக்கு இறங்கிய பழைய கடல் பாலத்தைப் புயல் கொண்டுபோய், புதியது கட்டாத காலம் அது. கப்பலுக்குப் போக வேண்டுமானால் அலையைத் தாண்டும் சலங்குப் படகுதான். மூட்டை ஏற்றிக்கொண்டு ஒன்று புறப்பட இருந்தது. படகுக்காரரிடம் விளக்கைக் காட்டிக் கெஞ்சினேன்.

"நீச்சல் தெரியுமா தம்பி?"

"தெரியாதுண்ணே."

"அப்ப வாய மூடிக்கினு மூட்டையக் கெட்டியா புடிச்சிக்க."

முதல் அலையிலேயே தொப்பலாக நனைந்தேன். மூன்றாவது அலையில் குடல் வெளியே வராத குறை. ஒரு கையால் மூட்டையையும் மறு கையால் விளக்கையும் பிடித்தபடி கப்பல் ஏணிக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன். நான் போட்ட கூச்சலில் யாரோ அவரைக் கூட்டி வந்தார்கள். இறங்கி வந்தவர் விளக்கைப் பார்த்துவிட்டு, என்னிடம் பணம் இல்லையே என்றார்.

"இது உங்க பணம்தான் முசியே. அஞ்சு ரூபா பாட்டிலுக்குப் பன்னண்டு வாங்கிட்டேன்."

அவர் கோபப்படவில்லை, அதுதான் என்னை வதைத்தது. "கப்பல்காரனுக்கு எல்லாத் துறைமுகத்துலயும் அப்படித்தானே?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல அப்படி இல்ல முசியே" என்றேன்.

எங்க ஊரா? அது அவருடைய ஊரும்தான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. விளக்கை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கர்வம், பள்ளியில் பரிசு வாங்கிய அன்றுகூட வரவில்லை.

கரைக்குத் திரும்பும்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வேலை போனது. சில வருஷம் அங்கே இங்கே அலைந்து, பிறகு நெல்லித்தோப்பில் சொந்தமாக மளிகைக் கடை வைத்தேன். வெள்ளைக்காரர் வந்தாலும் அடுத்த வீட்டுக்காரர் வந்தாலும் அரிசி ஒரே விலை. பிழைக்கத் தெரியாதவன் என்று உறவுக்காரர்கள் சொன்னதுண்டு. சொல்லட்டுமே!

ஏணிக்குக் கீழே நின்று நான் சொன்னது சுத்தப் பொய். அன்றைக்கு எங்கள் தெருவில் அப்படித்தான் விற்றோம், விற்றவர்களில் முதல் ஆள் நான். அந்தப் பொய்யை என் கடை அளவிலாவது உண்மையாக்கிக் காட்டினேன் என்கிற தலைக்கனம் மட்டும் எனக்கு இன்றுவரை இறங்கவில்லை.