கிளிஃபர்ட் காய்ச்சிய நாற்பது பாட்டில்

இங்கிலாந்தின் யார்க்ஷயரில், டியூஸ்பரி என்ற ஊரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கிளிஃபர்ட் ஓல்ட்ராய்டுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் மூன்று தடவை ஸ்டியரிங்கைத் தட்டுகிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் பீர் காய்ச்சக் கிளம்பினார் என்றால் காரணம் ஆசையல்ல, வீம்பு. யார்க்ஷயர்க்காரனுக்கு அது தாய்ப்பாலோடு வருவது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், பப் நடத்தும் நெவில் பீர் விலையில் முப்பது பென்னி ஏற்றினான். அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷமாக ஆர்னல்ட், பெர்னர்ட், ஸ்டான் ஆகிய மூவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வந்த கிளிஃபர்ட் எழுந்து நின்றுவிட்டார்.

“இந்தக் கழனித்தண்ணிக்கு இந்த விலையா? நானே வீட்டுல காய்ச்சிக்கிறேன். ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை மூணு பேரும் என் வீட்டுக்கு வாங்க, பீருன்னா என்னன்னு காட்டுறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

“சரிப்பா,” என்றார் ஆர்னல்ட். “போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது.”

மறுநாளே வீட்டுக்கு பீர் காய்ச்சும் சாமான் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு பெரிய டின் நிறைய, முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய கறுப்புப் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், மூடி போட்ட வாளி. பாகை வெந்நீரில் கரைத்து, சர்க்கரை கொட்டி, தண்ணீர் ஊற்றி, சூடு தணிந்ததும் ஈஸ்டைத் தூவினால் வேலை முடிந்தது. இந்த மகா காரியத்தைச் செய்து முடித்த கிளிஃபர்ட், ஏதோ பாலம் கட்டித் திறந்துவைத்தவர் மாதிரி கைகளைத் துடைத்துக்கொண்டார். வாளியை வைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம், மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் துணி அலமாரி. அந்த ஊர் வீடுகளில் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான மூலை அது ஒன்றுதான். மனைவி மாரீன் துவைத்து அடுக்கிய துண்டெல்லாம் பத்து நாளில் சாராயக்கடை வாசம் அடித்தது.

“குளிச்சிட்டுத் துடைச்சா மறுபடி குளிக்கணும் போல இருக்கு,” என்றாள் மாரீன். “தபால்காரர் என்னை ஒரு மாதிரி பாக்குறார், கிளிஃப்.”

“கலைன்னா நாலு கஷ்டம் இருக்கத்தான் செய்யும்.”

வாளியில் குமிழி அடங்கியதும் பாட்டிலுக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு நாற்பது பாட்டிலில் அடைத்து, அதே அலமாரியில் அடுக்கினார். இரண்டு வாரம் வெதுவெதுப்பில் வையுங்கள், பிறகு குறைந்தது மூன்று வாரம் குளிரான இடத்தில் தொடாமல் வையுங்கள் என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யாரிடம் போய் எதைச் சொல்கிறார்கள் பாருங்கள்.

மூன்றாம் நாளே ஒன்றைத் திறந்தார். நுரை இல்லை. நேற்று ஊற்றி வைத்த சர்க்கரைத் தண்ணீர். நாலாம் நாள் இன்னொன்று. ஐந்தாம் நாள், ஒன்றைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது என்று இரண்டு. எல்லாவற்றிலும் பச்சை ஆப்பிளை நனைந்த அட்டைப்பெட்டியில் ஊறவைத்த ருசி. இருந்தாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. இதற்குப் பெயர் சோதனையாம். ஞாயிறு மத்தியானங்களில் சோதனை மூன்று பாட்டில், நாலு பாட்டில் என்று போயிற்று. அந்த நேரத்தில் பப்பில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வாய் திறந்து சொல்வாரா? செத்தாலும் சொல்ல மாட்டார்.

பாட்டிலில் அடைத்த மூன்றாவது வாரம் ஒரு காலையில் அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவினார். மிச்சம் மூன்றே மூன்று பாட்டில். ஈஸ்டருக்கு வரப்போவதும் மூன்று பேர். அந்த மூன்றையும் குளிரடிக்கும் தோட்டத்துக் கொட்டகையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் பூட்டினார். யாரிடமிருந்து ஒளித்தார்? தன்னிடமிருந்துதான்.

“கடையில நாலு பாட்டில் வாங்கி ஊத்திக் குடு. யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் மாரீன்.

“எனக்குத் தெரியும்ல.”

ஈஸ்டர் வந்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மூன்று பேரும் வந்து சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மானம் போகப்போகிறது என்று கிளிஃபர்டுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இதுவரை அவர் குடித்ததில் ஒன்றாவது உருப்படியாக இருந்ததுண்டா? மூன்று தம்ளர்களில் ஊற்றினார். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழுந்தது.

“உனக்கு?” என்றார் பெர்னர்ட்.

“எனக்கு வயிறு சரியில்லை.”

குடித்தார்கள். ஸ்டான் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெர்னர்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஆர்னல்ட் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

“இன்னொண்ணு ஊத்து.”

“இல்லை.”

“நாப்பது பாட்டில்னு மாரீன் சொன்னாளே.”

“இருந்துச்சு. இப்ப இல்லை.”

ஆர்னல்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கேலியைத் தேடினார் கிளிஃபர்ட். கிடைக்கவில்லை.

“முப்பத்தேழு பாட்டிலையும் ஒத்தையா உக்காந்தா குடிச்சே?”

கிளிஃபர்ட் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

“நல்லாவே இல்லைய்யா,” என்றார் கடைசியில். “ஒரு பாட்டில்கூட நல்லா இல்லை.”

“எழுந்திரு,” என்றார் ஆர்னல்ட். “நெவில் கடையைத் திறந்திருப்பான்.”

“போய்த் தொலை, கிளிஃப்,” என்றாள் மாரீன். “எட்டு வாரமா உன் மூஞ்சியைப் பாத்து நானும் ஓய்ஞ்சு போயிட்டேன்.”

நாலு பேரும் தெருவில் இறங்கினார்கள். முனை திரும்பும் வரை கிளிஃபர்ட் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

“அது எப்படித்தான்யா இருந்துச்சு?” என்று கேட்டார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். பப் வாசல் வரும் வரை அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.