பல்செட்டும் பசையும்

மேல் பல்செட்டு ஆடத் தொடங்கியதும், பல் டாக்டர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அதை ஒட்டும் பசை வாங்கிப் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை. பசையும் போலிச் சரக்கோ என்று சந்தேகம் வந்தது. அந்த வாரம் சித்தியவானில் தம்பி மகள் கல்யாணம். மேடையில் நான் வாழ்த்திப் பேச வேண்டும். நடுவில் பல் கழன்று விழுந்தால்?

பசை டியூபோடு, ஈப்போவில் அதை வாங்கிய மருந்துக்கடைக்கே போனேன்.

"இது ஒட்டவே இல்லம்மா. ஒரிஜினல்தானா?"

கடையிலிருந்த பெண் கோபப்படவில்லை. "எப்படிப் போடுறீங்க அங்கிள்?"

"கழுவின ஈரத்தோட, நிறைய வச்சுப் போடுறேன்."

"அதான் வழுக்குது லா. நல்லாத் துடைச்சிட்டு மூணு சின்னப் பொட்டு வைங்க. ஓரத்துல வேணாம். மாட்டி அழுத்தி, கொஞ்ச நேரம் கடிச்சுப் பிடிங்க. அஞ்சு நிமிசத்துக்குக் கோப்பி கூடக் குடிக்காதீங்க."

பசை விற்கிறவளே குறைவாகப் போடச் சொல்கிறாள் என்றால் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தேன். வேறு வழியில்லாமல் கல்யாணத்தன்று அப்படியே செய்தேன். பேசி முடித்து, பந்தியில் வடையும் கடித்தேன். செட்டு அசையவில்லை.

அவளைச் சந்தேகப்பட்டது வெட்கமாக இருந்தது. அப்போதும் நாக்கு மட்டும் நம்பாமல் மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தது.